லாரியில் அடிபட்ட அண்ணாச்சி மறுபடி சைக்கிள் மிதித்தார்! செஞ்சி மலையடிவார கிராமங்களில் 2 நாள்

காலையில் எழுந்ததும் இந்த நிருபருக்கு முதல் வேலை, ஆஸ்பத்திரிக்கும் போலீஸ் நிலையத்துக்கும் போன் போடுவது. "ராத்திரி ஏதாவது உண்டா சார்?" என்று கேட்டால், உண்டு என்பார்கள். பாதி நாள் அது ஒரு சைக்கிள்காரராக இருக்கும். பால்காரர், பேப்பர் போடுகிற பையன், ஷிப்டு முடிந்து போகிற வாட்ச்மேன். "லாரி மோதியது, டிரைவர் தப்பி ஓட்டம், போலீசார் வழக்குப்பதிவு." நாலு வரி. அடுத்த செய்திக்குப் போய்விடுவோம்.

அப்படி நாலு வரியில் வந்தவர்தான் இந்த அண்ணாச்சி. வடசென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். வயது 54. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 2022-ல் ஒரு விடியற்காலை, கடைக்கு சரக்கு கட்டிக்கொண்டு வந்தபோது பின்னால் வந்த லாரி தட்டிவிட்டுப் போய்விட்டது. இடது காலில் இரண்டு இடத்தில் முறிவு. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். செய்தி எடுக்கப்போனவன் நான்தான். வேலைக்குச் சேர்ந்த புதிது.

ஆறு மாதம் கழித்து அவர் கடைக்கு தீப்பெட்டி வாங்கப்போனேன். ஆளைத் தெரிந்துகொண்டு கல்லாவில் இருந்து ஒரு பேப்பர் துண்டை எடுத்துக் காட்டினார். "நாலு வரியில முடிச்சிட்டீங்களே தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் தீப்பெட்டி கையில் கனத்தது.

அதன்பிறகு பழக்கமாகிவிட்டது. சர்க்கரை வியாதிக்கு டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் கால் வலிக்கிறது. "சைக்கிள் மிதிங்க, முட்டிக்கு நல்லது" என்றார் டாக்டர். அண்ணாச்சியின் பழைய ஹெர்குலிஸ் கடை பின்பக்கம் அரிசி மூட்டைக்கு நடுவில் நின்றது. அதைத் தொட மாட்டேன் என்று மூன்று வருஷம் பிடிவாதம்.

"நம்ம ஊர் ரோட்டுல நான் ஏற மாட்டேன் தம்பி. லாரி இல்லாத ரோடு எங்க இருக்கு, சொல்லுங்க, வாரேன்."

தேடினேன். இருந்தது. அது பற்றிய விவரம் வருமாறு:-

விழுப்புரம் வரை ரெயில்

எழும்பூரில் இருந்து விழுப்புரம் 159 கிலோமீட்டர். பார்சல் ஆபீசில் சைக்கிளைப் பதிந்தால் பிரேக் வேனில் ஏற்றிவிடுவார்கள். பெயர், ஊர் எழுதிய அட்டையைக் கம்பி போட்டுக் கட்ட வேண்டும். கடைசி நிமிஷத்தில் ஓடினால் நடக்காது. நேரத்தோடு போக வேண்டும். சின்ன ஸ்டேஷன்களில் ரெயில் ஓரிரு நிமிஷம்தான் நிற்கும், சைக்கிளை இறக்குவதற்குள் கொடி காட்டிவிடுவார்கள். அதனால்தான் ஜங்ஷனுக்குப் பதிவது. வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். மணிக்கணக்கில் சைக்கிள் விட்ட கடைகள் எல்லாம் இப்போது செல்போன் கடைகளாகிவிட்டன.

பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை இறங்கினோம். என்னுடையது நண்பனிடம் இரவல் வாங்கிய கியர் வண்டி. அண்ணாச்சியுடையது அதே பழைய ஹெர்குலிஸ். நம்ம அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. தொழிற்சாலையின் சரக்கு. கேரியரில் ஒரு குடம் கொள்ளும் அளவுக்குத் தண்ணீர், கடலை உருண்டை, மாத்திரை டப்பா. வீட்டில் அக்கா கட்டிக்கொடுத்த புளியோதரை. "காலுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களத்தான் கேப்பேன்" என்று அக்கா என்னிடம் சொல்லியிருந்தார்.

மலைப்பாதை என்று பயந்துவிட வேண்டாம். ஏற்காடு, ஊட்டி மாதிரி வளைந்து வளைந்து ஏறுகிற சமாசாரம் இல்லை இது. ரோடு பெரும்பாலும் சமதளம். சற்று ஏறும், சற்று இறங்கும். மலைகள் தனித்தனியாக நிற்கின்றன. யாரோ ராட்சசன் லாரி லாரியாக உருண்டைக் கல்லைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி. ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு ஏரி, ஒரு ஊர், ஏதாவது ஒரு ராஜாவின் வேலை.

முதல் கிலோமீட்டர்

ஊர் எல்லை தாண்டும் வரை அண்ணாச்சி வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வந்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அன்னியூர் பக்கம் போகிற ரோட்டில் வண்டி நடமாட்டம் குறைந்ததும் ஒரு மைல்கல்லில் காலை வைத்து ஏறினார். ஹேண்டில் ஆடியது. பத்து மிதி மிதித்ததும் ஆட்டம் நின்றது. மூன்று வருஷம் கழித்து ஏறியவர் மாதிரித் தெரியவில்லை. கொத்தவால் சாவடியில் இருந்து தலைக்கு மேல் மூட்டை கட்டி மிதித்த கால் அல்லவா!

அரை மணி நேரம் பேச்சே இல்லை. பனைமரம், கரும்பு, மணிலாக் கொல்லை. எதிரே ஒரு டி.வி.எஸ். 50, ஒரு டிராக்டர், பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமையில் சுற்றுகிற பையன்கள். "எந்த ஊரு?" என்று கேட்டுக்கொண்டே கூட ஓடி வந்தார்கள். நாய்களும் ஓடி வந்தன. நாய் துரத்தினால் வேகமாக மிதிக்கக்கூடாது, இறங்கி நின்றுவிட வேண்டும் என்பது அண்ணாச்சி சொன்ன சூத்திரம். அது வேலை செய்தது.

பனமலை விழுப்புரத்தில் இருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். பெரிய ஏரி. நந்தன் கால்வாய்த் தண்ணீருக்காகப் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற ஏரி இதுதான். கரைமேல் சைக்கிளை விட்டால் எதிரே சின்ன மலை, அதன்மேல் கோயில். தாலகிரீஸ்வரர். தாலம் என்றால் பனை. பனமலை என்பதைத்தான் வடமொழியில் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். கட்டியவன் ராஜசிம்ம பல்லவன். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே ராஜா. 1300 வருஷத்துக் கதை.

அந்தக் கோயிலில் ஒரு சுவர் ஓவியம் இருக்கிறது. ஒரு பக்கத்துச் சின்ன சன்னதியில். சிவன் ஆடுவதைப் பார்த்தபடி ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கிற பார்வதி. தலையில் கிரீடம், மேலே குடை. பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. மிச்சம் இருக்கிற அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அண்ணாச்சி ரொம்ப நேரம் நின்றார். "இந்தப் பொண்ணு எங்க அத்த மாதிரியே இருக்கு தம்பி" என்றார். ராஜசிம்மன் கேட்டிருந்தால் மாலை போட்டிருப்பான்!

க்ரைம் நிருபர் கண் வேறு எங்கோ போகிறது. இந்த வட்டாரத்தில் பாறைகளில் ஆணியால் கீறிய பெயர்களும், பெயிண்டால் எழுதிய இதயங்களும் கண்ணில் படுகின்றன. பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சேதப்படுத்தினால் 1958-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2010-ல் தண்டனையைக் கூட்டிவிட்டார்கள்: 2 வருஷம் வரை ஜெயில் அல்லது 1 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காதலை வீட்டில் நோட்டில் எழுதிக்கொள்வது மலிவு.

உளுந்தில் வழுக்கியது

பனமலையில் இருந்து கிழக்கே கிராமத்து ரோடுகள் வழியாக மண்டகப்பட்டு போனோம். யாரைக் கேட்டாலும் வழி சொல்கிறார்கள். தூரம் மட்டும் கேட்கக்கூடாது. எல்லாருக்கும் "தோ, பக்கந்தான்".

இந்த ரோடுகளில் லாரி இல்லை. ஆனால் உளுந்து இருக்கிறது! அறுத்த செடியை ரோட்டின் மேலே பரப்பிவிடுகிறார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரம் ஏறி, காய் உடைந்து, பருப்பு பிரியும். விவசாயிக்குக் கூலி மிச்சம். சைக்கிள்காரனுக்குச் சக்கரத்தில் கொடி சுற்றும். நான் ஒரு இடத்தில் வழுக்கி விழுந்தேன். கை சிராய்ப்பு. தூற்றிக்கொண்டிருந்த ஆயா ஓடி வந்து, "மேல ஓட்டாதப்பா, ஓரமா எறங்கி வாயேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். கால் உடைந்தவர் பத்திரமாக வர, துணைக்கு வந்தவன் விழுந்ததில் அண்ணாச்சிக்கு ஏக சந்தோஷம். "எழுதுங்க தம்பி: நிருபர் படுகாயம்!"

இன்னொரு எதிரி சீமைக்கருவேல முள். ஓரமாக இறங்கினால் பஞ்சர் நிச்சயம். டயர் லீவர், சொல்யூஷன், ஒட்டு, பம்பு நான்கும் இல்லாமல் இந்தப் பக்கம் வரக்கூடாது. இரண்டு நாளில் எனக்கு மூன்று பஞ்சர். அண்ணாச்சியின் தடித்த டயருக்கு ஒன்றுகூட இல்லை.

செஞ்சி மெயின் ரோட்டை ஒட்டித்தான் மண்டகப்பட்டு. அந்த ரோட்டில் கொஞ்ச தூரம் ஏறியே ஆக வேண்டும். அங்கேதான் அது நடந்தது. ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று பின்னால் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. எங்களுக்கு இடம் விட்டுத்தான் போனான். டிரைவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அண்ணாச்சி வண்டியைப் புளியமரத்தடியில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்துவிட்டது. கை நடுங்குகிறது. தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அன்னைக்கும் இதே சத்தந்தான் தம்பி. ஹாரன் கூட அடிக்கல அவன். இன்ஜின் சத்தம் மட்டும் காதுகிட்ட வந்திச்சு. திரும்புறதுக்குள்ள..."

அந்த நாலு வரிச் செய்தியில் இந்தச் சத்தம் இல்லை. நான் அன்று கேட்கவும் இல்லை. வயது, முகவரி, எந்த ஆஸ்பத்திரி, இதைத்தான் கேட்டேன்.

இருபது நிமிஷம் போயிருக்கும். திரும்பிப் போய்விடலாமா என்றேன். "எம்புட்டு தூரம் இருக்கு அந்தக் கோயிலு?" என்றார். தெரிகிறது பாருங்கள், அந்தப் பாறைதான் என்றேன். தள்ளிக்கொண்டே நடந்து வந்தார்.

செங்கல் இல்லை, சிமெண்ட் இல்லை

மண்டகப்பட்டில் பார்க்க அதிகம் ஒன்றும் இல்லை என்று சிலர் சொல்வார்கள். ஒரு பாறை. அதைக் குடைந்து தூண், உள்ளே மூன்று கருவறை. உள்ளே சாமி இல்லை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு வாயிற்காவலர்கள், கதாயுதத்தோடு.

ஆனால் தூணில் இருக்கிற வடமொழிக் கல்வெட்டுதான் விஷயமே. விசித்திரசித்தன் என்ற ராஜா, அதாவது முதலாம் மகேந்திரவர்மன், பிரம்மா, ஈசுவரன், விஷ்ணு மூவருக்கும் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலைச் செய்வித்ததாக அதில் சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். அதற்கு முன்பு நம் பக்கத்தில் கோயில்கள் செங்கல்லும் மரமுமாகத்தான் எழும்பின. மழையும் கரையானும் தின்றுவிட்டன. கல்லைக் குடைந்து கோயில் எடுக்கும் வேலை இந்தப் பக்கம் சூடு பிடித்தது மகேந்திரன் காலத்தில்தான். அதன் வம்சம்தான் மாமல்லபுரம் எல்லாம்.

இதை அண்ணாச்சிக்குச் சொன்னேன். யோசித்தார். "செங்கல் இல்ல, சிமெண்ட் இல்ல, மரம் இல்ல. கடைக்காரனுக்கு ஒரு பாக்கியும் இல்ல. கெட்டிக்கார ராசா" என்றார். முகத்தில் ரத்தம் திரும்பிவிட்டது. குகைக்குள் குளுகுளு என்று இருந்தது. புளியோதரையை வெளியே மரத்தடியில் பிரித்தோம்.

அங்கிருந்து தளவானூர் சில கிலோமீட்டர்தான். மறுபடி கிராமத்து ரோடு. அதுவும் மகேந்திரன் வேலை. சத்ருமல்லேசுவராலயம் என்று பெயர். சத்ருமல்லன் என்பது அவன் பட்டப்பெயர்களில் ஒன்று. முகப்பில் மகர தோரணம் செதுக்கியிருக்கிறார்கள். வடமொழியில் மட்டும் இல்லாமல் தமிழிலும் கல்வெட்டு உண்டு. மலைமேல் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இருக்கின்றன. கால் காரணமாக அண்ணாச்சி ஏறவில்லை, நான் ஓடிப்போய்ப் பார்த்து வந்தேன். படுக்கையும் கல், தலையணையும் கல்!

இருட்டுவதற்கு முன் செஞ்சி வந்து சேர்ந்தோம். சுற்றி வளைத்து 60 கிலோமீட்டருக்கு முன்னே பின்னே. லாட்ஜில் அண்ணாச்சி காலை நீட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டே வீட்டுக்குப் போன் போட்டார். "லாரியா? இங்க ஏது லாரி!" என்று அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

57 நாள் பட்டினி

ஞாயிறு விடிவதற்குள் கிளம்பினோம். செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம் ரோடு. பனிமூட்டத்தில் மலைகள் எல்லாம் சாம்பல் நிறம். இரண்டு நாளில் சிறந்த ரோடு எது என்று கேட்டால் இந்த நாலைந்து கிலோமீட்டரைத்தான் சொல்வேன். பால் கேனோடு போகிற ஒரு சைக்கிள்காரர் அண்ணாச்சிக்குச் சமமாக வந்து, பெடலில் போட்டி போட்டார். அண்ணாச்சி விடவில்லை!

வழியில் திருநாதர் குன்று. உச்சிப் பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பழைய தமிழ்க் கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் துறந்த இடம் இது என்கிறது. வட்டெழுத்து உருவாகி வந்த காலத்து எழுத்து. அதில் வருகிற 'ஐ' எழுத்துதான் தமிழில் கிடைத்தவற்றில் பழையது என்பார்கள். நம் பக்கச் செய்தி மாதிரிதான் அதுவும்: பெயர், எத்தனை நாள், எந்த இடம். மூன்றே விவரம். கல்லில் எழுதியதால் நிற்கிறது.

சிங்கவரத்தில் பாறையைக் குடைந்த கோயிலில் பள்ளிகொண்ட ரங்கநாதர். ராஜா தேசிங்கின் குலசாமி என்பது ஊர்ப் பேச்சு. தேசிங்கு என்கிற தேஜ்சிங், ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி 1714-ல் செத்தபோது வயது இருபத்திச் சொச்சம்தான். எம்.ஜி.ஆர். நடித்து 1960-ல் வந்த படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குதிரையை மறந்திருக்காது.

செஞ்சிக் கோட்டையைப் பற்றி இங்கே விரிக்கவில்லை. அதற்குத் தனிப் பக்கம் வேண்டும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்று மலையையும் சேர்த்து வளைத்த மதில். 1677-ல் சிவாஜி பிடித்தார். பிறகு முகலாயப் படை 1690-ல் வந்து முற்றுகை போட்டது. உள்ளே நுழைய 1698 ஆயிற்று! 2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் 11 மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று நம்ம செஞ்சி. பாண்டிச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற தூண்கள் இங்கிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை. ராஜகிரி 800 அடி. மத்தியானத்துக்கு மேல் ஏற விட மாட்டார்கள். குரங்குத் தொல்லையும் உண்டு. நான் மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தபோது, அண்ணாச்சி கல்யாண மகால் நிழலில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்துக்குக் கடலை உருண்டை விநியோகம் செய்துகொண்டிருந்தார்.

நேரம் இருக்கிறவர்கள் கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் உள்ள மேல்சித்தாமூருக்கும் போகலாம். தமிழ்ச் சமணர்களின் மடம் அங்கேதான் இருக்கிறது. நாங்கள் போகவில்லை. சித்திரை, வைகாசியில் மட்டும் இந்தப் பக்கம் சைக்கிளோடு வராதீர்கள். பாறை எல்லாம் அடுப்பாகிவிடும். மார்கழி, தை, மாசி சரியான மாதங்கள்.

மூன்று மணிக்குத் திரும்பினோம். விழுப்புரம் 37 கிலோமீட்டர். முடிந்த மட்டும் கிராமத்து ரோட்டில் வந்தோம். மெயின் ரோட்டில் வரவேண்டிய இடங்களில் அண்ணாச்சி எனக்கு முன்னால் போகவில்லை, பின்னால் வந்தார். "நீங்க முன்னால போங்க தம்பி. பின்னால யார் வாரான்னு நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நாலு லாரி கடந்தது. ஒவ்வொரு தடவையும் மணி அடித்து எனக்குச் சொன்னார். இறங்கவில்லை.

ராத்திரி பத்து மணிக்கு மேல் எழும்பூர். பார்சல் ஆபீசில் இருந்து வண்டிகளை எடுத்தோம். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் என்று சென்னை மாநகராட்சி 2014-ல் கொள்கை முடிவு எடுத்திருக்கிறது. வெளியே ரோட்டில் பஸ், ஆட்டோ, கார், தண்ணி லாரி. நான் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி பிளாட்பாரத்தை ஒட்டி ஹெர்குலிசைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏறலாமே அண்ணாச்சி?"

"இங்க வேணாம் தம்பி. மாசி மாசம் அந்த மேல்சித்தாமூர் பாக்கி இருக்குல்ல, அங்க ஏறுதேன்" என்றார்.

நானும் இறங்கிக்கொண்டேன். அவர் கடை வரைக்கும் இரண்டு பேரும் தள்ளிக்கொண்டே நடந்தோம்.